பத்து முறை கூப்பிட்டால்

ஐதராபாத்
14-07-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பவித்ரா எழுதுகிறேன். விடுதியில் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டில் காரம்தான் அதிகம். வயிறு அதற்கும் பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை நிறுத்தினீர்களா, இல்லையா?

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. குழந்தை வளர்ச்சி உளவியலும் கல்வியும் என்று பாடத்தின் பெயரைச் சொன்னால் அப்பா இன்னமும், "அப்ப நீ டீச்சரா, டாக்டரா?" என்றுதான் கேட்கிறார். இரண்டும் இல்லை என்றால் முகம் சுருங்குகிறது.

உங்களால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். சாதாரணமாக வளரும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும். நம் தர்ஷித்துக்குப் போன மாதம்தான் இரண்டு முடிந்தது. அருண் அண்ணன் ஷிப்டுக்கும் அண்ணி வேலைக்கும் போன பிறகு பகல் முழுவதும் அவனோடு இருப்பவர் நீங்கள். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் நிலத்தடி நீரை மணிக்கு மணி அளந்து எழுதியவர். உங்களைவிட நல்ல ஆள் எனக்கு எங்கே கிடைக்கும்?

அட்டவணை இணைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். பெயர் சொல்லிப் பத்து முறை கூப்பிட்டால் எத்தனை முறை திரும்புகிறான், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, எத்தனை சொல் சொல்கிறான் என்று பன்னிரண்டு வரிசை. போனில் வேண்டாம், பெரியப்பா. போனில் எதைக் கேட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்பீர்கள். தாளில் எழுதினால்தான் உள்ளது வரும். அண்ணியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் என் அன்பு.

பவித்ரா


வடக்குத்து
02-08-2024

செல்வி பவித்ராவுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சுகம். முழங்கால் பழையபடிதான். மாடி ஏறுவதில்லை. வேளா வேளைக்குச் சாப்பிடு.

நீ கேட்ட வேலைக்கு நான் தகுந்தவனா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிணற்றின் நீர்மட்டம் அளப்பது வேறு. கிணறு ஓடாது. இவன் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இருந்தாலும் நீ கேட்டு மறுக்க மனம் வரவில்லை.

உன் அண்ணி மலர்கொடியிடம் சொன்னேன். "என்னா மாமா, ஒங்க தம்பி பொண்ணுக்கு அந்த ஊர்ல எலி கெடைக்கலியா? எம்புள்ளதான் கெடைச்சானா?" என்றாள். பிறகு அவளே சிரித்து, "எழுதுங்க, எழுதுங்க. ஆனா எம்புள்ளதான் ஃபர்ஸ்ட் மார்க் வாங்கணும், சொல்லிட்டேன்" என்றாள். அருண்ராஜ், "அப்பாவுக்கு மறுபடியும் டூட்டி போட்டுட்டாங்க" என்று கேலி செய்தான்.

முதல் இரண்டு வாரக் குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாக நடக்கிறான், ஓடுகிறான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். பெயர் கூப்பிடும் வரிசையை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பக்கத்து மனையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்காது. சந்தேகமான அளவை எழுதுவதில்லை என்பது என் பழக்கம்.

பிழை இருந்தால் தயங்காமல் சொல்.

உன் பெரியப்பா,
கி. சிங்காரவேல்


ஐதராபாத்
14-08-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஊருக்கே வந்தது போல இருந்தது. நான் நலம். இங்கே விடாமல் மழை.

குறிப்புகள் அச்சடித்தது போல இருக்கின்றன. தகுதியைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். காலியாக விட்ட வரிசையை மட்டும் சத்தம் இல்லாத நாளில் பார்த்து எழுதுங்கள். அவன் முகத்துக்கு எதிரே போய் நிற்காமல், பின்னால் இருந்து கூப்பிட வேண்டும். பத்தில் பத்து வந்தாலும் எழுதுங்கள், ஒன்று வந்தாலும் எழுதுங்கள். ஒன்றுமே வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். எனக்கு அந்த வரிசைதான் முக்கியம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பவித்ரா


வடக்குத்து
08-09-2024

செல்வி பவித்ராவுக்கு ஆசீர்வாதம்.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மழையில் நனையாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

பெயர் கூப்பிடும் வரிசையையும் நிரப்பிவிட்டேன். நான்கு வாரமாகப் பத்துக்கு ஏழு, ஏழு, எட்டு, ஏழு. சொற்கள் பதினைந்து, பதினாறு, பதினெட்டு, இருபது. நீ அனுப்பிய தாளின் பின்பக்கத்தில் இந்த வயதுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதையும் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மாலையில் மலர்கொடி வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னிக்கு என்னா மாமா பேசினான்?" என்று கேட்பாள். நானும் ஏதாவது சொல்வேன். அவளுக்குச் சந்தோஷம்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த அய்யாசாமியை உனக்குத் தெரியும். அவருடைய உறவில் ஒரு குழந்தை. ஒன்றேகால் வயதில் ஐந்தாறு சொல் சொல்லிக்கொண்டிருந்ததாம். பிறகு அவை நின்றுவிட்டனவாம். யாராவது கூப்பிட்டாலும் பார்ப்பதில்லையாம். காது நன்றாகக் கேட்கிறது, பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருகிறதாம். இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது? அவர்கள் மிகவும் பயந்துபோயிருக்கிறார்கள்.

பதிலை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். டவுன்ஷிப்பில் பதினெட்டாம் பிளாக்கில் அய்யாசாமியின் மகள் குவார்ட்டர்ஸ் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே அனுப்பு. அவர்கள் விஷயம் அவர்கள் வீட்டுக்கே போவதுதான் முறை.

உன் பெரியப்பா,
கி. சிங்காரவேல்


ஐதராபாத்
17-09-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா?

அய்யாசாமி மாமாவின் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொன்ன சொற்கள் நின்றுபோவதும், கூப்பிட்டால் திரும்பாததும் சேர்ந்து இருந்தால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. ஆட்டிசமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரிந்தவர்கள் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். மூன்று வயதுக்கு முன்பே பயிற்சி தொடங்கினால் குழந்தைக்குப் பெரிய உதவி. புதுச்சேரியில் பரிசோதனை செய்யும் இடம் இருக்கிறது. முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

அவர்களை இந்த மாதமே போகச் சொல்லுங்கள், பெரியப்பா. ஒவ்வொரு மாதமும் கணக்கு.

தீபாவளிக்கு வர முடியாது. தேர்வு இருக்கிறது.

பவித்ரா


வடக்குத்து
24-11-2024

செல்வி பவித்ராவுக்கு ஆசீர்வாதம்.

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். உடம்பு சரியாகத்தான் இருந்தது. தேர்வை எப்படி எழுதினாய்?

ஒன்பது வாரக் குறிப்பு இத்துடன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

தீபாவளிக்குக் கம்மாபுரத்திலிருந்து சாமியம்மாள் வந்திருந்தாள். மலர்கொடிக்கு அத்தை முறை. "ஏண்டி, புள்ள அம்மான்னுகூடக் கூப்புட மாட்டேங்கிறான்?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டாள். மலர்கொடி, "பகல்லெல்லாம் தாத்தாகிட்ட பேசிகினேதான் இருப்பான். சாயங்காலம் ஆனா களைச்சிப்போயிடறான். கேளுங்க மாமாவ" என்றாள். சாமியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். அருண்ராஜ், "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும் அத்தை. நானே மூணு வயசுலதான் பேசினேன், இல்லப்பா?" என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். அவன் பதின்மூன்றாம் மாதத்தில் பேசினான். உன் பெரியம்மா தேதி போட்டுக் காலண்டரில் எழுதி வைத்திருந்தாள்.

அய்யாசாமியின் உறவினர்கள் இன்னும் புதுச்சேரிக்குப் போகவில்லை. போவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உன் பெரியப்பா


ஐதராபாத்
03-12-2024

பெரியப்பா,

நலம் விசாரிக்க இன்று எனக்குத் தைரியம் இல்லை.

அய்யாசாமி மாமாவுக்கு அப்படி ஓர் உறவுக் குழந்தை இல்லை. ஏழு, ஏழு, எட்டு, ஏழு என்று எந்தக் குழந்தையும் வளராது. ஒரு நாள் எட்டு வரும், காய்ச்சல் அடித்த நாளில் இரண்டு வரும். நீங்கள் அனுப்பியவை தர்ஷித்தின் எண்கள் அல்ல, நான் அனுப்பிய தாளின் பின்பக்க எண்கள்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். உங்களைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. என் படிப்புக்குத் தர்ஷித்தின் குறிப்பு தேவையே இல்லை. எனக்கு ஒதுக்கிய குழந்தைகள் இங்கே ஓர் அங்கன்வாடியில் இருக்கிறார்கள். அவன் பிறந்த நாள் வீடியோவை அண்ணி அனுப்பினாள் அல்லவா? எல்லாரும் அவன் பெயரைச் சொல்லிக் கை தட்டுகிறீர்கள். அவன் ஒரு முறைகூட நிமிரவில்லை. கேக் வைத்த அட்டையின் ஓரத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தான். அதை இருபது தடவை போட்டுப் பார்த்தேன்.

அண்ணியிடம் சொல்ல வேண்டியதுதானே? போனை எடுத்தேன், வைத்தேன். நான்கு எழுத்துப் படித்துவிட்டு வந்து என் பிள்ளையைக் குறை சொல்கிறாளா என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். ஒருவேளை நான் நினைத்தது தவறாக இருந்தால்? அதனால் உங்களைப் பார்க்க வைத்தேன். உங்கள் கண்ணால் பார்த்து, நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று ஒளிந்துகொண்டேன். தீபாவளிக்கு வராததும் அதனால்தான். தேர்வு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிட்டது.

குழந்தைகளிடம் ஆரம்ப அறிகுறிகளைக் கண்டறிவது பற்றி நாற்பது பேர் முன்னால் கட்டுரை வாசித்தேன். கை தட்டினார்கள். ஒரு போன் செய்ய முடியவில்லை. இந்தப் படிப்பை முடிக்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

உண்மையான எண்ணை எழுதுங்கள், பெரியப்பா.

பவித்ரா


வடக்குத்து
12-12-2024

அன்பு மகள் பவித்ராவுக்கு,

உன் கடிதத்தை அய்யாசாமி மகள் வீட்டு வாசலில் நின்றே படித்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

சுரங்கத்தில் எங்களுக்கு இரண்டு நோட்டு உண்டு. கிணற்றடியில் நின்று பென்சிலால் எழுதுவது ரஃப். ஷிப்ட் முடியும்போது பேனாவால் எடுத்து எழுதுவது ஃபேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை, மழையில் ஒரு கிணற்றுக்குப் போக முடியவில்லை. முன் அளவையும் பின் அளவையும் கூட்டி இரண்டால் வகுத்து ஃபேரில் எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் கண்ணுக்குத் தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். எண்ணை மாற்றினால் நீர் மாறாது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அப்படிச் செய்ததில்லை. இந்த வயதில் செய்தேன்.

உனக்கு அனுப்பியது ஃபேர். ரஃப் என்னிடம் இருக்கிறது. பத்து முறை கூப்பிட்டதற்கு: பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம், பூஜ்யம். சொற்கள் இல்லை. சுட்டிக் காட்டுவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்ப் பானையின் மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். எட்டாம் மாதத்திலிருந்து அவன் என் கையில் வளர்கிறான். காலையில் நான் பேப்பர் படித்து முடிக்கும் வரை டி.வி. போட்டு எதிரே உட்கார வைப்பேன். எனக்கு அதிகம் பேச வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டில் பகல் முழுவதும் பேச்சே இருக்காது. பேசாத கிழவனிடம் விட்டதால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டான் என்றால் நான் எங்கே போய் நிற்பேன்? மலர்கொடி வேலையை விட்டுவிடுவாள். என் முகத்தில் விழிப்பாளா? அட்டவணையின் ஒவ்வொரு பூஜ்யமும் எனக்குப் போட்ட மதிப்பெண்ணாகத் தெரிந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன். செய்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிங்காரவேல்


ஐதராபாத்
17-12-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முதலில் இதைப் படியுங்கள். இது வளர்ப்பால் வருவதில்லை. டி.வி.யாலும் இல்லை, நீங்கள் பேசாததாலும் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நான் படித்ததில் உறுதியாகத் தெரிந்த சிலவற்றில் இது ஒன்று.

ஆனால் போன ஐந்து மாதம் நம் இருவராலும் போனது. அதைத் திரும்பப் பெற முடியாது.

பொங்கலுக்கு வருகிறேன். இருவரும் சேர்ந்து அண்ணியிடம் சொல்வோம். அதற்குள் உங்களால் முடிந்தால், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவித்ரா


வடக்குத்து
29-12-2024

பவித்ராவுக்கு அண்ணி மலர்கொடி எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும். நலமில்லை என்றால் அதையும் யாரிடமாவது சொல்லாமல் வைத்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சு வலியோ என்று பயந்து, "என்னா மாமா, என்னா பண்ணுது?" என்று கையைப் பிடித்தேன். கையில் ‘ரஃப்’ என்று மேலே எழுதிய ஒரு நோட்டைத் திணித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன். இடையில் உன் கடிதங்களும் இருந்தன. எல்லாவற்றையும் படித்தேன்.

படித்து முடித்து அவரிடம் போய்க் கேட்டேன்: "அஞ்சு மாசம் எம்புள்ளைய எழுதியிருக்கீங்க. எது எது செய்யலன்னு வரிசையா இருக்குது. அவன் செய்யறது ஒண்ணாவது இருக்குதா மாமா? மழை பேஞ்சா ஜன்னல் கம்பிய நக்கிட்டுச் சிரிப்பானே, அது எங்க?" அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது.

தினமும் சாயங்காலம் கேட்பேன். "பஸ்னு சொன்னான்," "தண்ணி கேட்டான்" என்பார். அதைத்தான் மறுநாள் ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெற்றவளுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? தெரியாமல் இல்லை. பகலில் பேசுகிறான் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஃபேர் நோட்டுதானா?

உன் அண்ணன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு அவரே புதுச்சேரிக்குப் போன் செய்து நாள் வாங்கினார். ஜனவரி 20. நீ பொங்கலுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். பிறகு வா.

படிப்பை விடப்போவதாக எழுதியிருக்கிறாய். விடாதே. பிள்ளையைப் பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று உங்கள் படிப்பில் பாடம் இல்லை என்றால், முடித்துவிட்டு இங்கே வா. நான் சொல்லித் தருகிறேன்.

மலர்கொடி


வடக்குத்து
02-02-2025

அன்பு மகள் பவித்ராவுக்கு ஆசீர்வாதம்.

நீ எப்படி இருக்கிறாய்? இங்கே உயிரோடு இருக்கிறோம். முழங்கால் வலியை இப்போது நினைப்பதில்லை.

20-ம் தேதி புதுச்சேரிக்கு நால்வரும் போனோம். என்னை வீட்டில் விட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். மலர்கொடிதான், "பகல்ல இருக்கறது நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்று என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பரிசோதித்த அம்மாள் இளவயதுக்காரர். உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். தரையில் உட்கார்ந்து அவனோடு ஒரு மணி நேரம் விளையாடினார். பிறகு எங்களிடம், "முன்னாடி சில வார்த்தை சொன்னான்னு சொல்றீங்க. எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார்.

மலர்கொடி, "போன ஆடியில, மேடம். அதுக்கு முன்னாடி பேசிகினுதான் இருந்தான்" என்றாள். அருண்ராஜும் தலையாட்டினான்.

பவித்ரா, உனக்கும் எழுதாத ஒன்று என்னிடம் இருந்தது. ரஃப் நோட்டிலும் அது இல்லை. நோட்டு தொடங்கியது உன் கடிதத்துக்குப் பிறகுதானே. அந்தச் சொற்கள் ஆடியில் நிற்கவில்லை. போன வருடம் பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டன. உன் அட்டவணை வருவதற்கு ஆறு மாதம் முன்பே எனக்குத் தெரியும். மாலையில் அவள் கேட்டபோது முதல் நாள் சொன்ன பதிலையே மறுநாளும் சொன்னேன். அன்று தொடங்கியதுதான்.

அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு நனைந்துவிட்டது. இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த அம்மாள் ஆடி என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டார்.

"இல்லம்மா. ஆடி இல்ல. போன வருஷம் பொங்கலுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

மலர்கொடி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டிசம் என்றுதான் சொன்னார்கள். வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வர வேண்டும், மற்ற நாள் வீட்டில் நாங்கள் செய்ய வேண்டும். எவ்வளவு முன்னேற்றம் வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நான் கேட்காமலே, இது யார் செய்த தவறும் இல்லை என்றும் சொன்னார்கள். நீ எழுதியதும் அதுதான். இரண்டு பேர் சொல்லியும் என் மனம் பாதிதான் நம்புகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் மலர்கொடி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கடலூர் தாண்டியது. பிறகு திரும்பாமலே, "ஒரு வருஷம், மாமா" என்றாள். அவ்வளவுதான். குறிஞ்சிப்பாடியில் அவன் தூங்கிவிட்டான். அவளுக்குக் கை வலித்திருக்க வேண்டும். எழுந்து வந்து என் மடியில் கிடத்திவிட்டுப் போனாள்.

இப்போது தினமும் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன், பயிற்சியில் சொன்னபடி தரையில் உட்கார வேண்டும். அவன் முகத்தின் உயரத்துக்கு எங்கள் முகம் இருக்க வேண்டும். கூப்பிடக் கூடாது. அவனுக்குப் பிடித்த சக்கரத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, அவனாகப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் கீழே உட்கார ஐந்து நிமிடம் ஆகிறது. முதல் நாள் நான் நாற்காலியைப் பிடித்துத் தடுமாறியதைப் பார்த்து மலர்கொடி கை கொடுத்தாள். "மெதுவா. ஒங்களையும் சேத்துத் தூக்கிகினு புதுச்சேரி போவ என்னால முடியாது" என்றாள். புதுச்சேரியிலிருந்து வந்த பிறகு என்னிடம் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது.

பதினோரு நாள் உட்கார்ந்தோம். அவன் பார்க்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, பவித்ரா. அவளுக்கும்தான். பயப்படும்போது அவள் சக்கரத்தை வேகமாகச் சுற்றுகிறாள் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்று பன்னிரண்டாம் நாள். காலையில் உட்கார்ந்தோம். முடிந்ததும் வழக்கப்படி என் கை சட்டைப் பையில் பென்சிலைத் தேடியது. மலர்கொடி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "இத எழுதக் கூடாது, மாமா. யாருக்கும் எழுதக் கூடாது. இது நம்ம மூணு பேருக்குத்தான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆகவே இன்று காலை நடந்ததை உனக்கு எழுதப்போவதில்லை. மாசி பிறந்ததும் உன்னை வரச் சொன்னாள்.

உன் பெரியப்பா,
சிங்காரவேல்